ஆக்சியோவுக்கு எந்த பிறேக் பாட் போடுவது

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ஓடித் திரிகிற காருக்கு டொயோட்டா பெட்டியில் வருகிற ஒறிஜினல் பிறேக் பாட் கட்டாயம் இல்லை, நல்ல வெளிக்கொம்பனி பாட் போதும். இதைச் சொன்னால் ஒறிஜினலைத் தவிர வேறெதையும் தொடாத ஆட்கள் கோபிப்பார்கள், எது மலிவோ அதை வாங்கிப் போடுகிற ஆட்கள் "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்று துள்ளுவார்கள். இரண்டாவது கூட்டம் அவ்வளவு துள்ளவும் தேவையில்லை, நான் "நல்ல" என்று சொல்வதற்குள் அவர்கள் வாங்குகிற பெட்டிகளில் பல அடங்காது.

என்னிடம் நிற்பது டொயோட்டா ஆக்சியோ 141. 2006 இல் வெளிவந்த உடம்பு, 1500 சீசீ, முன்னுக்கு டிஸ்க் (சில்லோடு சுற்றுகிற அந்தத் தட்டை இரு பக்கமும் நெருக்கிப் பிடிப்பதுதான் பாட்), பின்னுக்கு டிரம். இதே வயதுக் கார்கள் ஊரில் எத்தனையோ இன்னும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், அந்த இடைவெளி முழுவதும் இருந்ததை வைத்து ஓட்டுவதைத் தவிர ஒருவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. நடுவில் 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் பாய, சாமான் விலையும் சேர்ந்து பாய்ந்தது. அதுவரை கேள்வியே இல்லாமல் ஒறிஜினல் போட்டவர்கள் கடையில் நின்று "வேறை என்ன இருக்கு?" என்று கேட்கத் தொடங்கியது அப்போதுதான். நானும் அவர்களில் ஒருவன். முதலில் டொயோட்டா ஒறிஜினல் ஒரு செற் தேயும் வரை ஓடியது, இப்போது காரில் இருப்பது யப்பானின் அக்கெபோனோ கொம்பனியின் சொந்தப் பெட்டியில் வந்தது, விலை ஒறிஜினலின் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். கார் கொம்பனிகள் பொதுவாகப் பாட்டைத் தாங்களே அச்சில் போட்டு எடுப்பதில்லை. யப்பானில் இந்த வேலைக்கென்றே கொம்பனிகள் இருக்கின்றன, 1929 இல் தொடங்கிய அக்கெபோனோ, 2001 இல் டொயோட்டா, டென்சோ, ஐசின், சுமிற்றோமோ எல்லாம் சேர்ந்து உருவாக்கிய அட்விக்ஸ், நிஷின்போ என்று. இவர்கள் செய்து கொடுப்பதைக் கார் கொம்பனி தன் சோதனைகளுக்கு உட்படுத்தி, தன் பெட்டியில் போட்டு, தன் நம்பரை ஒட்டி விற்கிறது. அதைத்தான் நாங்கள் ஒறிஜினல் என்கிறோம். பழைய ஒறிஜினல் பாட்டைக் கழற்றிப் பின்பக்க இரும்புத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் டொயோட்டா அல்லாத இன்னொரு பெயரோ குறியோ அதில் அடித்திருக்கும்.

இதைக் கேட்டவுடன், அப்படியென்றால் அதே ஆள் செய்த பாட்டை அவருடைய பெட்டியிலேயே வாங்கினால் சாமான் ஒன்றுதானே, பெட்டிக்கு எதற்கு இரட்டிப்புக் காசு என்று தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாட் என்பது இரும்புத் தூள், தும்பு, கிரபைற், இன்னும் பல பொடிகளைப் பிசினோடு கலந்து சூட்டில் அமுக்கி எடுக்கிற சாமான். ஒரே மா, ஒரே தேங்காய்ப்பூ, ஆனாலும் வீட்டுக்கு வீடு புட்டு வேறுதானே, அதுபோலத்தான் கலவையும். டொயோட்டாவுக்குக் கொடுக்கிற கலவையையே தன் சொந்தப் பெட்டியிலும் போட வேண்டும் என்று அந்தக் கொம்பனிக்கு ஒரு கட்டாயமும் இல்லை, சில மாடலுக்கு அதேதான் இருக்கும், சிலவற்றுக்கு வேறாக இருக்கும். ஆகவே "ஒறிஜினலைச் செய்கிற அதே ஆட்கள்" என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை, ஆனால் முழுப் பதிலும் இல்லை.

ஸ்ரான்லி வீதியில் நான் வழமையாகப் போகிற கடையில் ஒரு நல்ல பழக்கம், பெட்டியை உடைத்துக் காட்டச் சொன்னால் முகம் சுழிக்க மாட்டார்கள். கடைக்கார அண்ணை முதலில் கேட்டது செசி நம்பர். "தம்பி, 141 எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அதிலையே இரண்டு மூண்டு விதம் கிடக்கு" என்றார். உண்மைதான், ஒரே மாடலிலும் தரத்துக்கும் ஆண்டுக்கும் ஏற்ப, பாட்டை டிஸ்க்கோடு அமுக்குகிற கலிப்பர் மாறும், பாட்டின் இரு பக்கமும் நீட்டி நிற்கிற காது அரை மில்லிமீற்றர் பிழைத்தாலே கதை வேறு. டொயோட்டாவில் முன் பாட் நம்பர் 04465 என்று தொடங்கும், பின் டிஸ்க் இருந்தால் அதன் பாட் 04466. ஹொண்டாவில் முன்னுக்கு 45022, சுசுக்கியில் 55810. பெட்டியில் இருப்பதும் உங்கள் செசிக்கு வருகிற நம்பரும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், முதல் ஐந்து இலக்கம் எல்லா டொயோட்டாவுக்கும் ஒன்றுதான்.

இரண்டு பெட்டியையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒறிஜினலில் தகட்டு ஓரம் வழுவழுப்பாக வெட்டியிருந்தது, கறுப்புப் பூச்சு ஒரே சீராக, விரலால் உரசினால் ஒட்டாமல். இரு முனையிலும் சாய்வாகச் சீவியிருந்தது, நடுவில் ஒரு கீறு. அந்தச் சாய்வும் கீறும் அலங்காரத்துக்கு இல்லை, அதிர்வை உடைத்துச் சத்தத்தைக் குறைக்கவும், தூசும் நீரும் வழிந்து போகவும். அக்கெபோனோவிலும் இவை எல்லாம் இருந்தன, சீவியிருந்த கோணம் மட்டும் ஒரு துளி வேறு. மூன்றாவதாக, நான் கேட்காமலே, அண்ணை ஒரு மலிவுச் செற்றையும் எடுத்து வைத்தார், "இதையும் பாருங்கோ, பிறகு நான் காட்டேல்லை எண்டு சொல்லக்கூடாது" என்று. அதில் பூச்சு பாட்டின் முகத்திலும் தெறித்திருந்தது, தகட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் நகம் நுழைகிற இடைவெளி ஒரு மூலையில். அந்த இடைவெளிக்குள் எங்கள் ஊர் ஈரக்காற்று புகுந்து கறள் பிடித்தால், தகடு உப்பி, பாட்டையே பிரித்துவிடும். பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி, அப்படி ஒரு பாட்டை என் காரில் போட மாட்டேன். அண்ணையும் அதை விற்க விரும்பிக் காட்டவில்லை என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது.

பாட்டின் ஓரத்தில் அடித்திருக்கிற எழுத்துக்களைப் பார்க்கப் பழகுங்கள். நீளமான குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் ஒட்டிக்கொண்டு வரும், எஃப்எஃப், ஜிஜி, ஈஎஃப் என்று. முதல் எழுத்து சாதாரண சூட்டில் பாட் எவ்வளவு பிடிக்கும் என்பது, இரண்டாவது நல்லாகக் கொதித்த பிறகு. உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை என்றால் ஈ, 0.35 முதல் 0.45 வரை எஃப், 0.45 முதல் 0.55 வரை ஜி. எஃப்ஈ என்று இருந்தால் அது சூட்டில் தளர்கிற பாட், மலைப்பக்கம் போகிற ஆள் அதைத் தொடக்கூடாது. ஜிஜி என்றால் ஆகத் திறம் என்று நினைத்து ஓடவும் வேண்டாம். எஃப்எஃப் வந்த காருக்கு முன்னுக்கு மட்டும் ஜிஜி போட்டால் காலை வைத்தவுடன் மூக்குக் குத்தும், முன்னும் பின்னும் பகிர்ந்து பிடிக்க வேண்டிய கணக்குக் குழம்பும். இன்னொன்று, இந்த எழுத்துக்கள் ஒரு அங்குலச் சதுரத் துண்டை வெட்டி ஆய்வுகூட மெஷினில் தேய்த்துப் பார்த்துக் கொடுப்பவை. எவ்வளவு காலம் உழைக்கும், கீச்சிடுமா, டிஸ்க்கைத் தின்னுமா என்று அவை சொல்லாது. ஒரே எழுத்துப் போட்ட இரண்டு பாட் ஒரே தரம் என்றும் இல்லை.

ஐரோப்பியச் சந்தைக்குப் போகிற பெட்டிகளில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்றும் இருக்கும். அந்த விதிப்படி வெளிக்கொம்பனி பாட்டின் பிடிப்பு ஒறிஜினலில் இருந்து 15 வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. என்னைக் கேட்டால் வெளிச்சாமான் வாங்குகிற ஆளுக்குக் கையில் கிடைக்கிற ஆக நம்பகமான குறி இதுதான். வட்டத்துக்குள் இருக்கிற எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிப்பது, 1 என்றால் ஜேர்மனி, தர வரிசை என்று நினைத்து "ஒண்டாம் நம்பர் சாமான்" என்று விற்கிறவர்களும் உண்டு. யப்பான் உள்ளூர்ச் சந்தைக்கான பெட்டியில் இந்தக் குறி இல்லாமலும் போகலாம், அதனால் மட்டும் அது கூடாத சாமான் ஆகிவிடாது.

சரி, ஓட்டத்தில் என்ன வித்தியாசம்? ஒறிஜினலில் மிதியை மெதுவாக அழுத்த மெதுவாகப் பிடிக்கும், கூட அழுத்தக் கூடப் பிடிக்கும், சத்தம் என்ற பேச்சே இல்லை, அலோய் சில்லில் தூசும் மிகக் குறைவு. அக்கெபோனோவில் முதல் கொஞ்ச நாள் மிதி ஒரு நூல் ஆழமாகப் போவது போல் இருந்தது, டிஸ்க்கோடு பொருந்திய பிறகு கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டச் சொன்னால் எது எதென்று என்னால் சொல்ல முடியாது. கண்ணைக் கட்டி ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், ஆஸ்பத்திரி வீதியில் ஓட்டோக்காரர்கள் ஏற்கனவே அப்படித்தான் ஓட்டுகிறார்கள். காலையில் பனி ஈரத்தில் முதல் தடவை பிடிக்கும்போது இரண்டுமே சின்னதாக ஒரு உரசல் சத்தம் கொடுக்கும், அது டிஸ்க்கில் இரவோடு இரவாகப் படிந்த கறள், இரண்டு தரம் பிடித்தால் போய்விடும்.

இதற்குக் காரணமும் எளிது. யப்பான் கார்களுக்கு வருகிற பாட் பெரும்பாலும் இரும்பு குறைந்த, தும்பும் பிசினும் கூடிய மென்மையான வகை, நல்ல வெளிக்கொம்பனிகளும் அந்த வகையையே கொடுக்கின்றன. மலிவுப் பெட்டிகளில் அதிகம் வருவது இரும்புத் தும்பு நிறையப் போட்ட வகை. அது கூடாத வகை என்று இல்லை, சூட்டைத் தாங்கும், பாரம் இழுக்கிற வானுக்கும் பிக்கப்புக்கும் பொருந்தும். ஆனால் சின்னக் காருக்குப் போட்டால் சில்லு முழுக்கக் கறுப்புத் தூள், காதில் கீச்சு, போதாததற்கு டிஸ்க் வேகமாகத் தேயும். பாட்டில் மிச்சம் பிடித்த காசை டிஸ்க்குக்குக் கொடுப்பதில் என்ன லாபம்?

நான் தொடக்கத்தில் "யாழ்ப்பாணத்துக்குள்ளேயே" என்று போட்டதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் குடாநாட்டில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, பருத்தித்துறை வீதியில் போனாலும் காங்கேசன்துறை வீதியில் போனாலும் மாடு, நாய், சைக்கிளில் திடீரென்று திரும்புகிற ஐயா என்று அடிக்கடி பிடிக்க வேண்டி வருமே தவிர, எல்லாம் 40, 50 வேகத்தில் சின்னச் சின்னப் பிடிப்பு. பாட் சூடாவதற்கு முன் ஆறிவிடும். அதே காரில் ஏப்ரல் சீசனுக்குக் குடும்பத்தோடு நுவரெலியா போய் ரம்பொடைப் பக்கத்தால் இறங்கிப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர், கம்பளைக்கு வரும்போது 1,300 மீற்றருக்கு மேல் இறங்கியிருப்பீர்கள். பள்ளிக்கூடப் பௌதிகத்தில் கணக்குப் போட்டால், அவ்வளவு உயரத்தை இறங்கும்போது கரைக்க வேண்டிய சக்தி, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற காரைத் தொண்ணூறு தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துகிற சக்திக்குச் சமம். கார் சின்னதா பெரிதா என்பது இந்த விகிதத்தை மாற்றாது. கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும், காற்றும் சில்லும் கொஞ்சம், மிச்சத்தில் பெரும்பகுதி முன்னுக்கு இருக்கிற அந்த நாலு துண்டுப் பாட்டின் தலையில்தான்.

பாட் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அதிலுள்ள பிசின் எரிந்து வாயு கிளம்பும், அது பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் நின்று வழுக்கும், மிதி கல்லுப்போல இறுக்கமாக இருக்கும், கார் மட்டும் நிற்காது. மிதி பஞ்சுபோல உள்ளே போனால் அது வேறு வருத்தம், பிறேக் ஒயில் கொதித்துவிட்டது. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 க்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இந்த ஒயிலுக்குத் தண்ணீரை உறிஞ்சுகிற குணம், எங்கள் கடற்கரைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒருக்கா மாற்றாமல் வைத்திருந்து மலைக்குப் போகிறவர்கள் பாட் ஒறிஜினலா என்று யோசித்துப் பிரயோசனம் இல்லை. அடிக்கடி கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் போகிற ஆள், ஹயருக்கு ஓட்டுகிற ஆள், இவர்களுக்கு என் பதில் மாறும். ஒறிஜினல் போடுங்கள், இல்லாவிட்டால் ஒறிஜினலைச் செய்கிற கொம்பனியின் பெட்டி, அதுவும் இரண்டாவது எழுத்து முதல் எழுத்தை விடக் குறையாததாகப் பார்த்து. ஏ9 வழியாகக் கொழும்புக்கு மட்டும் போய் வருகிறவர்களுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை, அது நீளமான பாதையே தவிரப் பிறேக்கை வதைக்கிற பாதை இல்லை.

எங்கள் ஊரில் பிறேக்கைக் கெடுப்பது சூடு இல்லை, உப்பும் புழுதியும். என் ஒறிஜினல் பாட் தேய்ந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இடது முன் சில்லில் இருந்து 'கீச்' என்று ஒரு சத்தம், ஓடும்போது வரும், பிறேக் பிடித்தால் நிற்கும். கராஜில் சில்லைக் கழற்றினால் உள்பக்கப் பாட் இரண்டு மில்லிமீற்றர் கூட இல்லை, தேய்மானத்தைக் காட்டுகிற சின்னத் தகடு டிஸ்க்கில் முட்டிக்கொண்டு நின்றது. வெளிப்பக்கப் பாட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. "அண்ணை, பாட்டைக் குறை சொல்லாதேங்கோ, இஞ்ச பாருங்கோ" என்று மெக்கானிக் தம்பி கலிப்பரின் ஸ்லைட் பின்னைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. குறட்டால் திருகித் திருகி எடுத்தபோது அது கறள் பிடித்து மண்ணிறமாக, றப்பர் உறை ஓரிடத்தில் கிழிந்து, உள்ளே இருந்த கிறீஸ் செம்மண்ணோடு சேர்ந்து காய்ந்த களிம்பாகப் போயிருந்தது. இந்த வகைக் கலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும், அது உள் பாட்டைத் தள்ள, கலிப்பர் முழுவதும் அந்தப் பின்களில் வழுக்கி வந்து வெளிப் பாட்டை இழுக்க வேண்டும். பின் இறுகினால் உள் பாட் மட்டும் தனியே உழைத்துத் தேயும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் அடிக்கடி போய் வருகிற கார், பொன்னாலையால் காரைநகர் போகிற கார், சோளகக் காற்றில் கடற்கரையோரம் நிறுத்தி வைக்கிற கார், எதைக் கழற்றினாலும் இந்தக் கோலம்தான் என்றார் தம்பி.

அதனால்தான் சொல்கிறேன், ஒறிஜினலுக்கும் நல்ல வெளிச்சாமானுக்கும் இடையில் மிஞ்சுகிற காசை இங்கே போடுங்கள். இரண்டு பக்கமும் ஸ்லைட் பின், றப்பர் உறை, பாட் உட்காருகிற மெல்லிய ஸ்டீல் கிளிப், பாட்டுக்குப் பின்னால் வைக்கிற ஷிம் தகடு. ஷிம்மும் கிளிப்பும் பாட் பெட்டிக்குள் வராமல் தனியாக வாங்க வேண்டி வரலாம், வாங்கும்போதே கேளுங்கள், பழையதை வளைத்து வளைத்துத் திரும்பப் போடுவதுதான் எங்கள் கராஜ்களில் பாதிக் கீச்சுக்குக் காரணம். ஸ்லைட் பின்னில் பூச வேண்டியது சாதாரண சிவப்புக் கிறீஸ் இல்லை, அது றப்பரை ஊத வைத்துத் திரும்பவும் இறுக்கிவிடும், பிறேக்குக்கென்று சிலிக்கன் கிறீஸ் சின்ன ரியூப்பில் கிடைக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஒயில் போத்தல் வழிகிறதா என்று ஓர் ஆள் பார்க்க வேண்டும், வழிந்தால் பெயின்ற் போய்விடும். கலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் கட்டச் சொல்லுங்கள். தூசைக் காற்றடித்து ஊதுகிற பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள், மலிவுப் பாட்டுக்குள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று யார் கண்டது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். தேய்மானத் தகடு சத்தம் போடுகிறதென்று அதை வளைத்துவிட்டு "சரி அண்ணை, இனிச் சத்தம் வராது" என்கிற மெக்கானிக்கிடம் இரண்டாவது தரம் போகாதீர்கள்.

மலிவுச் செற்றை நான் போட்டுப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டு வகன் ஆரில் பார்த்தேன். பெயரில்லாப் பெட்டி, கடையின் பெயரும் வேண்டாம். தகட்டின் காது பெருத்திருந்ததால் கிளிப்புக்குள் இறங்கவில்லை, சுத்தியலால் தட்டி இறக்கியிருக்கிறார்கள். இறங்கியது திரும்ப வரவில்லை, பாட் எந்நேரமும் டிஸ்க்கைத் தொட்டபடி ஓட, சில்லுத் தொட முடியாத சூடு, பெற்றோலும் கூடக் குடித்தது. பிறகு அரத்தால் காதை அராவிப் போட்டார்கள், அதோடு இழுவை நின்றது, ஆனால் கலவைக்குள் ஏதோ கட்டி இருந்திருக்க வேண்டும், டிஸ்க்கில் இசைத்தட்டு மாதிரிக் கோடு விழுந்துவிட்டது. முகத்தைச் சீவி மட்டமாக்கி ஸ்கிம் பண்ணலாம் என்று பார்த்தால் டிஸ்க்கில் அடித்திருக்கிற ஆகக்குறைந்த தடிப்புக்குக் கீழே போகும், புது டிஸ்க்தான் போட வேண்டி வந்தது. மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஒறிஜினல் பாட்டை விடக் கூட.

ஒறிஜினல் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒறிஜினலா என்பது இன்னொரு தலையிடி. டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா, சுசுக்கிக்கும் நிசானுக்கும் ஏ.எம்.டபிள்யூ, ஹொண்டாவுக்கு ஸ்ராஃபர்ட் என்று அதிகாரபூர்வ முகவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வழியாக வந்தால் பிரச்சினை இல்லை. கொழும்பில் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் ஏற்றி விடுகிற பெட்டியில் அசலும் வரும், அசல் போன்றதும் வரும். பெட்டி மட்டும் அசல் மாதிரி இருந்தால் போதாது, உள்ளே தகட்டில் அடித்த எழுத்து ஆழமாக, சீராக இருக்க வேண்டும், நாலு பாட்டிலும் ஒரே தொகுதி நம்பர் இருக்க வேண்டும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எனக்கு அசல் என்று உறுதியில்லாத டொயோட்டா பெட்டியை விட அசல் என்று உறுதியான அக்கெபோனோ, நிஷின்போ, கஷியாமா, கொரியாவின் ஹை-க்யூ எதுவானாலும் மேல். யப்பானில் இருந்து கழற்றி வருகிற பாவித்த கலிப்பரை நல்லதாகப் பார்த்து வாங்கலாம், பாவித்த பாட்டை வாங்காதீர்கள், அது வேறொரு டிஸ்க்கின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்தது.

இந்தியாவில் செய்த மாருதி அல்ற்றோ, 800 வைத்திருக்கிறவர்களுக்கு இவ்வளவு குழப்பம் இல்லை, மாருதியின் சொந்தப் பெட்டியே யப்பான் சாமான்களோடு பார்க்க மலிவு, சென்னையின் ராணே போன்றவையும் கிடைக்கும். அக்குவா, பிரியஸ், வெசல் ஹைபிரிட் ஆட்களுக்கு நேர்மாறான சிக்கல், கார் வேகம் குறையும்போது மோட்டரே பெரும்பாலான வேலையைச் செய்து பற்றரிக்குள் அனுப்பிவிடுவதால் பாட் தேயவே தேயாது, தேயாததால் ஒருவரும் சில்லைக் கழற்றிப் பார்ப்பதில்லை, பார்க்கும்போது ஸ்லைட் பின் எல்லாம் கறளோடு ஒட்டியிருக்கும். வருடத்துக்கு ஒருக்கா, மாரி முடிந்த கையோடு, கழற்றிக் கிறீஸ் போட்டு விடுங்கள்.

புதுப் பாட் போட்டவுடன் கார் நகர முன்னம் மிதியை நாலைந்து தரம் அடித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் பிடிப்பில் மிதி தரைக்குப் போகும். பிறகு வாகனம் குறைந்த நேரமாக, அதிகாலை என்றால் நல்லது, ஐம்பதில் போய்ப் பத்துக்கு இறக்கி, முழுதாக நிறுத்தாமல், கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்ப, ஒரு பத்துத் தரம் செய்தால் பாட்டும் டிஸ்க்கும் பொருந்திவிடும். முதல் 200, 300 கிலோமீற்றருக்கு அவசரம் என்றால் தவிர இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

பின் டிரம்முக்குள் பாட்டின் வேலையைச் செய்கிற லைனரைப் பற்றியும் கேட்பீர்கள். மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓடிய காலத்தில் லைனரை றிவெற் அடித்துப் போட்டு ஓடிய ஊர் இது, அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் 141 இல் வருவது ஒட்டு லைனர். ஒட்டு விட்டால் லைனர் டிரம்முக்குள் சிக்கிச் சில்லையே பூட்டிவிடும், பிரிந்து வருவதை வெளியில் இருந்து பார்க்கவும் முடியாது. முன் பாட்டை விட இது மிகவும் மெதுவாகத் தேயும் என்பதால் செலவும் எப்போதாவது ஒருக்காதான். அதற்கு மட்டும் நான் இன்னும் ஒறிஜினல்தான் வாங்குகிறேன், டொயோட்டாவில் அதன் நம்பர் 04495 என்று தொடங்கும்.